ஓடாமல் வென்றவர்

(மூன்றாமாண்டு வரலாற்று மாணவன்)

மாலை வேளையில் நம் கல்லூரி விளையாட்டுத் திடலின் ஓரத்தில் சற்று நின்று பாருங்கள். கபடி ஆடவரும் தோழன் கோட்டைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக் கொள்வான். பந்து வீச ஓடிவரும் முன் ஒருவன் கழுத்துச் சிலுவையை எடுத்து முத்தமிடுவான். நெற்றியில் நீறு துலங்க ஒருவன் வருவான். இரு கைகளையும் ஏந்தி உதடு அசையத் தொழுபவன் இன்னொருவன். நம் திடலில் காணும் இக்காட்சியையே உலகத் திடல்களிலும் காண்கிறோம். கோல் போட்டவுடன் மண்ணில் நெற்றி பதித்துத் தொழும் கால்பந்து வீரரையும், நூறு ஓட்டங்கள் எடுத்ததும் வானை நோக்கும் மட்டை வீரரையும் தொலைக்காட்சி காட்டுகிறது. விளையாட்டையே தொழிலாகக் கொண்டு கோடி கோடியாகப் பொருள் ஈட்டுவோரும் இதற்கு விலக்கல்லர்.

இது உள்ளத்தில் ஊறிய பக்தியா? ஊரார் காணச் செய்யும் விளம்பரமா? விடுதியில் இரவு நெடுநேரம் நாங்கள் இதைப் பற்றி வாதாடியதுண்டு. வாதம் வாதமாக இருந்தவரை எனக்கு வருத்தமில்லை. என் நண்பன் ஒருவனால் அது என் நெஞ்சைச் சுடும் வினாவாயிற்று.

நான் முதலாண்டு மாணவனாக இருந்தபோது நிகழ்ந்தது அது. கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தின் இறுதிச் சுற்றுக்கு நம் அணி வந்திருந்தது. சனிக்கிழமை நடைபெற வேண்டிய ஓட்டம் மழையினால் ஞாயிறு காலைக்குத் தள்ளிப் போடப்பட்டது. எங்கள் நால்வரில் வேகம் மிக்கவன் என் நெருங்கிய நண்பன். ஞாயிறு வழிபாட்டு நேரத்தில் ஓட இயலாது என்று அவன் அன்று மாலையே உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லிவிட்டான். வேறொருவன் ஓடினான். நாங்கள் நான்காம் இடம் பெற்றோம். திரும்பும் பேருந்தில், எல்லோரும் கேட்க, கல்லூரியின் மானத்தை விற்றுத் தனக்குப் புண்ணியம் வாங்கிக் கொண்டவன் என்று அவனை நான் பழித்தேன். அவன் மறுமொழி கூறவில்லை. சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கொண்டான். அம்மௌனம் எனக்கு அன்று செருக்காகத் தோன்றியது. ஆறு மாதங்கள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அந்நாளில்தான் ஒரு வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அவ்வரலாற்றுக்கு உரியவர் எரிக் லிடெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு ஓட்டவீரர்.

பிறப்பும் கல்வியும்

எரிக் லிடெல் 1902ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16ஆம் நாள் சீன நாட்டின் தியன்சின் நகரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்தினர், லண்டன் மிஷனரி சொசைட்டியின் தொண்டர்களாகச் சீனம் சென்றவர்கள். நம் நாகர்கோவில், நெய்யூர்ப் பகுதிகளில் பள்ளியும் மருத்துவமனையும் கண்ட அதே சங்கந்தான் அது. எரிக்குக்கு ஆறு வயதானபோது, அண்ணன் ராபர்ட்டுடன் சேர்த்து இங்கிலாந்தில் மிஷனரிமாரின் பிள்ளைகளுக்கென இருந்த விடுதிப் பள்ளியில் அவரை விட்டுவிட்டுப் பெற்றோர் மீண்டும் சீனம் சென்றனர். தாய் தந்தையர் கடலுக்கு அப்பால். பிள்ளைகளுக்குத் துணை விளையாட்டுத் திடலே!

1920இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயிலச் சேர்ந்தார். ரக்பி ஆட்டத்தில் 1922, 1923 ஆகிய ஆண்டுகளில் ஏழு முறை ஸ்காட்லாந்து அணிக்காக ஆடினார். ஓட்டத்திலோ அவருக்கு நிகர் அவரே. 1923இல் லண்டனில் நடந்த தேசியப் போட்டியில் 100 கெச ஓட்டத்தை 9.7 விநாடியில் ஓடிமுடித்தார். பிரிட்டனில் அதை முறியடிக்க இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. அதே சூலையில் ஸ்டோக் நகரில் 440 கெச ஓட்டத்தின் தொடக்கத்திலேயே இன்னொருவர் மோதிக் கீழே விழுந்தார். எழுந்தபோது மற்றவர்கள் ஏறக்குறைய இருபது கெசம் முன்னே போயிருந்தனர். எழுந்தவர் ஓடினார், வென்றார்!

அவர் ஓடும் அழகை அழகென்று எவரும் சொல்லமாட்டார். தலை பின்னே சாயும், வாய் திறந்திருக்கும், கைகள் காற்றைத் துழாவும். ஆனால் ஓட்டத்திற்கு முன் அவர் செய்த ஒன்றை எல்லோரும் அழகென்றனர். எதிர்த்து ஓட வந்தோர் ஒவ்வொருவரிடமும் சென்று கை குலுக்குவார். கால் ஊன்றக் கட்டை இல்லாத காலம் அது. வீரர்கள் சிறு கரண்டியால் தரையில் குழி பறித்துக்கொள்வர். கரண்டி கொண்டுவர மறந்த எதிராளிக்குத் தம் கரண்டியைத் தருவது லிடெலின் வழக்கம்.

கூச்சம் மிக்க அவ்விளைஞர் 1923 ஏப்ரலில் ஆர்மடேல் என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊரில் முதன்முதலாக மேடையேறித் தம் இறைநம்பிக்கையைப் பற்றிப் பேசினார். அதில் சொல்லலங்காரம் இல்லை. பேர்பெற்ற வீரர் பேசுகிறார் என்று மக்கள் திரண்டனர். அன்று முதல் அவர் பெயரும் அவர் நம்பிக்கையும் ஊரறிந்த செய்திகளாயின.

ஞாயிறும் நாடும்

1924ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் ஒலிம்பிக் விழா. 100 மீட்டர் ஓட்டத்தில் பிரிட்டன் பெரிதும் நம்பியிருந்தவர்களுள் லிடெல் ஒருவர். கால அட்டவணை வெளிவந்தது. 100 மீட்டரின் முதற்சுற்று சூலை 6, ஞாயிற்றுக்கிழமை! ஞாயிறு இறைவனுக்குரிய ஓய்வு நாள். அன்று வேலையும் கூடாது, விளையாட்டும் கூடாது என்பது அக்காலத்து ஸ்காட்லாந்துக் கிறித்தவர் பலருடைய உறுதி. லிடெல் ஓட மறுத்தார். 100 மீட்டரை மட்டுமா? ஞாயிற்றுக்கிழமை வந்த இரு தொடர் ஓட்டங்களையும் விட்டார்.

1981இல் வெளிவந்து ஆஸ்கார் பரிசு பெற்ற ஆங்கிலத் திரைப்படத்தில், பாரிசுக்குக் கப்பலேறும்போதுதான் அவருக்குச் செய்தி தெரிவதாகக் காட்டினர். உண்மை அதுவன்று. பல திங்கள் முன்னரே அறிந்து, அப்போதே தம் முடிவைச் சொல்லிவிட்டார். நாட்டுப்பற்று இல்லாதவர் என்று பழித்தோரும் உண்டு. அவர் யாரையும் பழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓடிய தோழர்களைப் பாவிகள் என்று சொல்லவும் இல்லை. போட்டி நாளை மாற்றவேண்டும் என்று கொடி பிடிக்கவும் இல்லை.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்தேன். தொடர் ஓட்டம் நால்வருடையதன்றோ? ஒருவர் விலகினால் மற்ற மூவருக்கும் இழப்பன்றோ? லிடெல் இல்லாத பிரிட்டன் அணி 4×100 மீட்டரில் இரண்டாம் இடமும், 4×400 மீட்டரில் மூன்றாம் இடமும் பெற்றது. அவர் ஓடியிருந்தால் பொன் கிடைத்திருக்குமோ, யார் கண்டார்? அவருடைய முடிவு பிறரையும் தொட்டது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் அவர் கடைசி நேரத்தில் கைவிடவில்லை. மாற்றாரைத் தேடிப் பழக்கக் காலம் கொடுத்தார். என் நண்பனும் அட்டவணை மாறிய அன்று மாலையே சொல்லிவிட்டான் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பேருந்தில் அதை நான் சொல்லவில்லை.

நானூறு மீட்டர்

100 மீட்டரை விட்டவர் 200, 400 மீட்டர் ஓட்டங்களுக்குப் பயிற்சி செய்தார். 100 மீட்டரில் பிரிட்டனின் அரால்டு ஆப்ரகாம்ஸ் 10.6 விநாடியில் பொன் வென்றார், அவர் யூதர். 200 மீட்டரில் லிடெல் மூன்றாம் இடம் பெற்றார்.

சூலை 11, வெள்ளிக்கிழமை, 400 மீட்டர் இறுதி ஓட்டம். அன்று காலை அணிக்கு உடம்பு பிடித்துவிடுபவர் லிடெலிடம் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தார். இறைவனைக் கனம் பண்ணுவோரை இறைவன் கனம் பண்ணுவான் என்னும் கருத்தை, விவிலியத்தின் சாமுவேல் நூலை நினைவூட்டி அதில் எழுதியிருந்தார். லிடெலுக்குக் கிடைத்ததோ வெளிக்கோடி ஓடுபாதை. பின்னால் வருவோரைக் காண வழியில்லை. வழக்கம்போல் எல்லோரிடமும் கை குலுக்கினார். 400 மீட்டரில் மூச்சை அளந்து ஓடவேண்டும் என்பர் அறிந்தோர். அவரோ முதல் பாதியையே குறுவோட்டம்போல் 22.2 விநாடியில் ஓடினார். தளர்ந்து விழுவார் என்று பார்த்திருந்தோர் வியந்தனர். 47.6 விநாடி! புதிய ஒலிம்பிக் சாதனை! இரண்டாவதாக வந்த அமெரிக்கர் பிட்ச் 0.8 விநாடி பின்தங்கினார்.

அடுத்த வாரம் எடின்பரோவில் பட்டமளிப்பு விழா. பட்டத்தோடு அவருக்கு இலைமுடியும் சூட்டினர். மாணவர்கள் நாற்காலியில் வைத்துத் தோளில் சுமந்து வீதிவலம் வந்தனர்.

சீனத்துத் தொண்டு

புகழின் உச்சியில் நின்றவர் என்ன செய்தார்? ஓட்டத்தைக் காசாக்கவில்லை. 1925இல் சீனம் திரும்பித் தியன்சினில் ஆங்கிலோ-சீனக் கல்லூரியில் அறிவியல் ஆசிரியரானார். மாணவர்க்கு விளையாட்டும் கற்பித்தார். 1932இல் குருப்பட்டம் பெற்றார். 1934இல் கனடா நாட்டு மிஷனரிக் குடும்பத்துப் புளோரன்ஸ் மெக்கன்சியை மணந்தார். சப்பானியப் படையெடுப்பால் நாடு பற்றியெரிந்தபோது நகர வாழ்வை விட்டு, அண்ணன் மருத்துவராயிருந்த சியாவ்சாங் என்னும் சிற்றூருக்குச் சென்றார். சண்டை நடந்த ஊர்களுக்கிடையே மிதிவண்டியில் திரிந்து, காயம்பட்டோரை வண்டியிலேற்றி மருத்துவமனை சேர்த்தார்.

1941இல் ஆபத்து முற்றியது. கருவுற்றிருந்த மனைவியையும் இரு பெண் குழந்தைகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் தங்கினார். கனடாவில் பிறந்த மூன்றாம் மகளின் முகத்தை அவர் ஒருநாளும் காணவில்லை.

முகாமில் ஒரு ஞாயிறு

1943இல் சப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தனர். 1,500 பேருக்கு மேல் நெருங்கிக் கிடந்த இடம். பெற்றோரைப் பிரிந்த பள்ளிப் பிள்ளைகள் பலர் அங்கிருந்தனர். விடுதியில் வளர்ந்த லிடெலுக்கு அவர்கள் மனம் தெரியாதா? பிள்ளைகள் அவரை மாமா என்றே அழைத்தனர். அறிவியல் கற்பித்தார், ஆட்டங்கள் நடத்தினார், உடைந்த ஹாக்கி மட்டைகளைத் தம் படுக்கை விரிப்பைக் கிழித்துக் கட்டிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் ஆட்டம் இல்லை.

இளையோர் சிலருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு ஞாயிறு நடுவர் இல்லாமலே ஹாக்கி ஆடினர், அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு மீண்டும் கூடினர். அன்று நடுவராக வந்து நின்றவர் யார் தெரியுமா? எரிக் லிடெல்!

ஒலிம்பிக் பொன்னுக்காகத் தளர்த்தாத விதியைக் குழந்தைகளின் சண்டை தீரத் தளர்த்தினார். அவர் தம் கொள்கையைக் கைவிட்டார் என்பதா? இல்லை. தம் புகழை இழந்து அவ்விதியைக் காத்தார்; பிறர் பிள்ளைகளின் நலத்தை இழந்து காக்கவில்லை. அவருடைய பக்தியின் அளவுகோல் இங்கேதான் எனக்கு விளங்கிற்று.

காவற்காரரான சப்பானியரையும் பகைக்கலாகாது, அவர்களுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று அவர் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். கடுங்குளிரில் காலணியின்றித் தவித்த ஓர் இளைஞனுக்குத் தம் பழைய ஓட்டக் காலணிகளை ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். அவ்விளைஞன் பின்னாளில் தொண்டு செய்யச் சென்ற நாடு சப்பான்!

காலணி கொடுத்த சில வாரங்களில், 1945 பிப்ரவரி 21ஆம் நாள், மூளையில் வளர்ந்த கட்டியால் லிடெல் மறைந்தார். அகவை 43. முகாமிலேயே புதைத்து ஒரு மரச் சிலுவை நட்டனர். ஆறு திங்களில் முகாம் விடுதலை பெற்றது. 1991இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தார் ஸ்காட்லாந்துக் கருங்கல்லால் அவ்விடத்தில் நினைவுக்கல் நாட்டினர்.

என் கடன்

நான் அவர் சமயத்தைச் சேர்ந்தவன் அல்லன். ஞாயிறு ஓடுவதில் குற்றமும் காணவில்லை. ஆயினும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த அன்றிரவே நண்பனின் அறைக்குச் சென்றேன். பேருந்தில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவன் சிறிது நேரம் பேசாமலிருந்தான். பிறகு, அந்த ஞாயிறு காலை கோவிலில் தான் வேண்டிக்கொண்டதெல்லாம் எங்கள் நால்வரின் வெற்றிக்காகத்தான் என்று மட்டும் சொன்னான். நான் தலைகுனிந்தேன்.

தோழர்களே! திடலில் கும்பிடுவதும், மண்டியிடுவதும், வானை நோக்குவதும் அவரவர் உரிமை. அது விளம்பரமா, வழிபாடா என்று வெளியே நிற்கும் நாம் எவ்வாறு அறிவோம்? ஒன்றை மட்டும் அறியலாம். அந்த பக்திக்கு விலை கொடுப்பவர் யார் என்று பாருங்கள். தாமே கொடுத்தால் அது தவம்; பிறரைக் கொடுக்கச் செய்தால் அது ஆரவாரம். தோற்ற எதிராளியின் கையை அன்போடு பற்றும் கையே, இறைவனைத் தொழவும் தகுதியுடைய கை. லிடெலின் கை அத்தகையது. நம் கைகளும் அவ்வாறு ஆகுக!