திண்டிவனத்தில் ஓர் இரவு

சென்ற ஆண்டு என் அக்காவுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை மூலம் குழந்தை பிறந்தது. முதுகுத் தண்டில் ஓர் ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிற்று. விழித்தபடியே படுத்திருந்த அக்கா, குழந்தையின் முதல் அழுகையைத் தன் காதாலேயே கேட்டாள். ஊசி போட்டவர் ஒரு பெண் மருத்துவர். வெளியே அம்மாவோடு காத்திருந்த எனக்கு, ஐடா ஸ்கடர் அம்மையாரின் நினைவு வந்தது.

விக்கிரவாண்டியில் பேருந்து ஏறினால் அரைமணிப் பொழுதில் திண்டிவனம். அம்மையாரின் வாழ்வு திசைமாறியது அங்கேதான். 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண் அவர். பாட்டனார், தந்தையார் இருவரும் மருத்துவப் பாதிரியார்கள். அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளவே திண்டிவனம் வந்தார். இங்கே தங்கும் எண்ணம் அவருக்கு அறவே இல்லை.

1890-களின் தொடக்கத்தில் ஓரிரவு, மூன்று கணவன்மார் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினர். ஒருவர் அந்தணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவர் வேறொரு சாதி இந்து. மூவர் மனைவியரும் பேறுகால வேதனையில் கிடந்தனர். மருத்துவரான தன் தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா மன்றாடினார். அந்நிய ஆடவர் தொடக்கூடாது என்று மூவருமே மறுத்துத் திரும்பினர். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. மருத்துவம் கற்றே தீருவது என்று ஐடா முடிவு செய்தார்.

அவர் அமெரிக்காவில் பயின்றுகொண்டிருந்த 1898-இல்தான் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகுஸ்ட் பியர் என்னும் அறுவை மருத்துவர் முதுகுத் தண்டில் கொக்கெயின் செலுத்திக் கீழுடலை மரக்கச் செய்தார். தாமும் உதவியாளரும் சோதனைக்கு உட்பட்டுத் தலைவலியால் அவதிப்பட்டதுதான் மிச்சம்! கொக்கெயின் நச்சுத்தன்மை உடையது. அது பின்னர் கைவிடப்பட்டது. லிக்னொகெயின் விரைவில் வேலை செய்து விரைவில் தீர்ந்துவிடும். இன்று பெரிதும் பயன்படும் புபிவகெயின் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நிற்கும். அதில் குளுக்கோஸ் கலந்து தண்டுவட நீரைவிடக் கனமாக்குகிறார்கள். அது தாழ்வான பக்கம் இறங்குவதால், தாயைப் படுக்கவைக்கும் நிலையைக் கொண்டே மரப்பு எவ்வளவு உயரம் ஏறலாம் என்பதை மருத்துவர் பெரும்பாலும் கட்டுப்படுத்துகிறார். ரோபிவகெயினில் கால்கள் சற்று முன்னதாகவே அசையத் தொடங்கும்.

1899-இல் கார்னெலில் பட்டம் பெற்ற ஐடா, 1900-இல் வேலூர் வந்தார். 1902-இல் 40 படுக்கைகளுடன் மருத்துவமனை எழுந்தது. தான் ஒருத்தி போதாது என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். 1909-இல் செவிலியர் பள்ளியையும், 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். அதுவே இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி. ஆண்களுக்கு அங்கே இடம் கிடைத்தது 1947-இல்தான்! திருமணம் செய்துகொள்ளாத அம்மையார் 1960 மே மாதம், தம் 89-ஆம் வயதில் கொடைக்கானலில் காலமானார்.