குருதி வகை கண்ட கார்ல் லேண்ட்ஸ்டெய்னர்

பெங்களூரு சிவாஜிநகரில் பௌரிங் மருத்துவமனையை அறியாதார் இலர். இத்தகைய மருத்துவமனைகளில், அறுவைக்கு வருவோர்க்கும் பிள்ளைப்பேற்றுக்கு வருவோர்க்கும் முதற்கண் குருதி வகையைக் கண்டறிவர். இவ்வழக்கத்திற்கு வித்திட்டவர் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர்.

அவர் 1868 ஆம் ஆண்டு ஜூன் 14 ஆம் நாள் ஆஸ்திரிய நாட்டில் பிறந்தார். இதழாளரான தந்தை, மகனின் ஆறாம் வயதிலேயே மறைந்தார். தாய் தனியே நின்று வளர்த்தார். வியன்னாவில் மருத்துவம் கற்ற கார்ல், பின்னர் வேதியியலையும் விரும்பிப் பயின்றார்.

அக்காலத்தில் ஒருவர் குருதியை மற்றொருவர்க்கு ஏற்றினால் சிலர் பிழைத்தனர், பலர் மாண்டனர். காரணம் புலப்படவில்லை. இருவர் குருதி கலந்து திரிவது நோயின் விளைவு என்றே பலரும் கருதினர். 1900 ஆம் ஆண்டில் லேண்ட்ஸ்டெய்னர் தம் குருதியையும், உடன் பணியாற்றிய நலமுடையோர் குருதியையும் எடுத்தார். செவ்வணுக்களை வேறாகவும் தெளிநீரை வேறாகவும் பிரித்தார். ஒருவர் அணுக்களை மற்றொருவர் தெளிநீரோடு மாறி மாறிக் கலந்தார். சிலவற்றில் அணுக்கள் திரண்டன, சிலவற்றில் திரளவில்லை. இத்துணை எளிய சோதனையை அதற்குமுன் ஒருவரும் முறையாகச் செய்து பாராதது வியப்பே! இதனால் மனிதர் குருதி மூவகைப்படும் என அறிந்தார். அவையே இன்று ஏ, பி, ஓ எனப்படுகின்றன. 1902 இல் அவருடைய தோழர்கள் ஏபி என்னும் நான்காம் வகையைக் கண்டனர்.

இவ்வகைகள் மரபுவழி வருவன என்பது 1910 அளவில் ஜெர்மனியில் நிறுவப்பட்டது. ஒவ்வொருவரும் தாயிடம் ஒன்றும் தந்தையிடம் ஒன்றுமாக இரண்டு மரபணுக் கூறுகளைப் பெறுகின்றனர். ஏ, பி ஆகியவை வெளிப்பட்டுத் தோன்றும். ஓ அவற்றின்பின் மறைந்து நிற்கும். ஏ வகைத் தாயிடமும் பி வகைத் தந்தையிடமும் ஓ மறைந்திருந்து, இருவரும் அதனையே அளித்தால், குழந்தை ஓ வகையாகப் பிறக்கும். பெற்றோரிடம் காணாத வகை பிள்ளையிடம் தோன்றக் கண்டு ஐயுறுவோர் உளர். அவ்வையம் பொருளற்றது.

முதல் உலகப்போருக்குப் பின் வியன்னாவை வறுமை வாட்டியது. லேண்ட்ஸ்டெய்னர் நாடு துறந்து நெதர்லாந்து சென்றார். பின் நியூயார்க்கில் குடியேறினார். 1930 இல் நோபல் பரிசு பெற்றார். புகழை விரும்பாத அவர், அதன்பின்னும் ஆய்வகத்தை விட்டு அகலவில்லை. 1940 இல் வீனர் என்பாரோடு இணைந்து ஆர்எச் காரணியைக் கண்டறிந்தார். இக்காரணி உடையோர் நேர்வகையினர், இல்லோர் எதிர்வகையினர். எதிர்வகைத் தாய், தந்தைவழி நேர்வகை பெற்ற குழந்தையை ஈன்றால், குழந்தையின் குருதி சிறிதளவு தாயின் உடலிற் கலக்கக்கூடும். அதனை அயற்பொருளாகக் கொண்டு தாயின் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கும். முதற்குழந்தைக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. அடுத்த குழந்தையும் நேர்வகையாயின் அதன் செவ்வணுக்கள் அழியும். இதனைத் தடுக்கும் ஊசிமருந்து 1960களில் வந்தது.

1943 ஜூன் மாதத்தில் ஆய்வகத்தில் பணியாற்றுகையில் மாரடைப்பு நேர்ந்து, இரண்டு நாளில் லேண்ட்ஸ்டெய்னர் காலமானார்.

அவர் காணாத வகையொன்று 1952 இல் நம் நாட்டில் வெளிப்பட்டது. மருத்துவர் பெண்டேயும் அவர்தம் குழுவினரும் மும்பையில் கண்ட அதற்குப் பம்பாய் வகை என்று பெயர். வழக்கமான சோதனையில் ஓ போலவே தோன்றும்; ஆயினும் ஓ குருதியை ஏற்காது. பெற்றோர் இருவரும் மறைவாக அளித்தாலன்றி இவ்வகை அமையாது. எனவே இவ்வகையினருக்குக் குருதி வேண்டின், மருத்துவர் முதலில் உடன்பிறந்தாரையே அழைத்துச் சோதிப்பர்.