போத்தனூர்ப் பெண்ணின் மகன் ஆலன் டூரிங்: கணினிக்குத் திரும்பும் வழி சொன்னவர்

ஜொகூரில் கூலாய், செடெனாக் பகுதிகளில் தரவு மையங்கள் பெருகி வருகின்றன. அங்குள்ள கணினிகள் ஒவ்வொரு கணமும் செய்யும் ஒரு வேலைக்கு 1945-இலேயே வழி எழுதி வைத்தவர் ஆங்கிலேயக் கணித மேதை ஆலன் டூரிங்.

அவரது குடும்பத்துக்குத் தமிழகத் தொடர்பு உண்டு. தாயார் ஈத்தெல் சாரா ஸ்டோனி 1881-இல் கோவையை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். அவருடைய தந்தை மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். ஆலனின் தந்தை ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அண்ணன் ஜான் குன்னூரில் பிறந்தார்.

ஆலன் 1912 ஜூன் 23-இல் லண்டனில் பிறந்தார். பெற்றோர் பணிக்காக இந்தியா திரும்பியபோது, பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தாரிடம் வளர்ந்தனர்.

கணினி பற்றிய அடிப்படைக் கோட்பாட்டை 1936-இல் வகுத்தார் ஆலன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைக்கும் பணியில் முன்னின்றார். 1945-இல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்து, 'ஏஸ்' என்ற கணினிக்குத் திட்ட அறிக்கை தயாரித்தார்.

அதில் ஒரு சிக்கலுக்கு விடை இருந்தது. தோட்டத்துச் சம்பளப் பட்டியல் போடும் ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். சேமநிதிப் பிடித்தத்தைக் கணக்கிட அது இன்னொரு சிறு நிரலை அழைக்கும். அந்தச் சிறு நிரல் மூன்றாவது நிரலை அழைக்கும். ஒவ்வொன்றும் வேலை முடிந்ததும், தன்னை அழைத்த நிரல் விட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும்.

விட்ட இடத்தைக் குறித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிடுவதுதான் டூரிங் சொன்ன வழி. விருந்து வீட்டில் அடுக்கிய தட்டுகளைப் போல, கடைசியாக வைத்ததே முதலில் எடுக்கப்படும். வைப்பதைப் 'புதைத்தல்' என்றும், எடுப்பதைத் 'தோண்டி எடுத்தல்' என்றும் பொருள்படும் சொற்களால் குறிப்பிட்டார். இன்று இந்த அமைப்புக்கு 'ஸ்டேக்', அதாவது அடுக்கு என்று பெயர்.

பணி தாமதமானதால் டூரிங் ஆய்வகத்தை விட்டு விலகினார். அவரது திட்டத்தின் சிறிய வடிவம் 1950-இல்தான் இயங்கியது. அடுக்கு முறையைத் தனியாகக் கண்டறிந்து, 1957-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஜெர்மானியர்கள் பாவரும் சாமெல்சனும் அதற்காகப் புகழ் பெற்றனர்.

தன்பாலின உறவு அன்று பிரிட்டனில் குற்றம். அதற்காக 1952-இல் டூரிங் தண்டிக்கப்பட்டு, ஹார்மோன் சிகிச்சைக்கு உள்ளானார். 1954 ஜூன் 7-இல், 41 வயதில், சயனைடு நஞ்சால் இறந்தார்.

பிரிட்டன் அரசு 2009-இல் மன்னிப்புக் கேட்டது. 2013-இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021 முதல் 50 பவுண்டு நோட்டில் அவர் படம் உள்ளது. போரில் நாட்டைக் காக்க உழைத்தவருக்கு இந்த மரியாதை வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.