மேரி பிரெக்கின்ரிட்ஜ்

மேரி பிரெக்கின்ரிட்ஜ் (பெப்ரவரி 17, 1881 – மே 16, 1965) அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த செவிலியரும் மருத்துவச்சியும் ஆவார். மருத்துவர்களும் சாலைகளும் இல்லாத கிழக்குக் கென்டக்கி மலைப்பகுதியில், ஏழைக் குடும்பங்களின் வீடுகளுக்கே சென்று மருத்துவம் செய்யும் எல்லைப்புறச் செவிலியர் சேவை (ஃபிரன்டியர் நர்சிங் சர்வீஸ்) என்னும் அமைப்பை 1925 இல் நிறுவினார். செவிலியக் கல்வியுடன் பேறுகாலப் பயிற்சியும் பெற்ற செவிலிய மருத்துவச்சி என்ற பணியை அமெரிக்காவில் வேரூன்றச் செய்தவர்களுள் இவர் முதன்மையானவர்.

இளமைக் காலம்

மேரி டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் செல்வாக்கு மிக்க அரசியல் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவருடைய பாட்டனார் ஜான் பிரெக்கின்ரிட்ஜ் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர். தந்தை கிளிஃப்டன் பிரெக்கின்ரிட்ஜ் ஆர்கன்சா மாநிலத்திலிருந்து காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1894 முதல் 1897 வரை உருசியாவில் அமெரிக்கத் தூதராகவும் பணியாற்றினார். இதனால் மேரி தமது இளமையின் ஒரு பகுதியை உருசியாவில் கழித்தார். சுவிட்சர்லாந்திலும் கனெடிகட்டிலும் பள்ளிக் கல்வி பெற்றார்.

1904 இல் இவருக்குத் திருமணம் நடந்தது. இரண்டே ஆண்டுகளில் கணவர் இறந்தார். அதன்பின் நியூயார்க்கிலுள்ள புனித லூக்கா மருத்துவமனையில் செவிலியர் பயிற்சியில் சேர்ந்து 1910 இல் தேர்ச்சி பெற்றார். 1912 இல் மறுமணம் செய்து கொண்டார். 1916 இல் குறைமாதத்தில் பிறந்த மகள் சில மணி நேரத்தில் இறந்து போனாள். 1918 சனவரியில் நான்கு வயது மகன் பிரெக்கியும் நோயுற்று இறந்தான். இவ்விரு இழப்புகளுக்குப் பின் எஞ்சிய வாழ்நாளைக் குழந்தைகளின் நலனுக்காகச் செலவிட மேரி முடிவு செய்தார். 1920 இல் மணவிலக்குப் பெற்று, பிறந்த குடும்பத்தின் பெயரையே மீண்டும் ஏற்றுக் கொண்டார்.

பிரான்சும் பிரித்தானியாவும்

முதல் உலகப் போர் முடிந்தபின், 1919 முதல் 1921 வரை போரால் சிதைந்த வடக்குப் பிரான்சில் மேரி பணியாற்றினார். தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்குமான நலத்திட்டம் ஒன்றை அங்கு நடத்தினார். குழந்தைகளுக்குப் பால் கிடைப்பதற்காக ஆடுகளை வரவழைத்தார். அங்கேதான் பிரித்தானியச் செவிலிய மருத்துவச்சிகளை அறிந்து கொண்டார். இத்தகைய இரட்டைப் பயிற்சி பெற்ற பெண்களே அமெரிக்க நாட்டுப்புறத்துக்குத் தேவை என்ற எண்ணம் அங்கு உருவானது. அக்காலத்தில் அமெரிக்காவில் பேறுகால இறப்பு மேற்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றைக் காட்டிலும் மிகுதியாக இருந்தது.

1923 கோடையில் குதிரை மீதேறி லெஸ்லி, நாட், ஓஸ்லி ஆகிய கென்டக்கி மாவட்டங்களைச் சுற்றி வந்து 53 மருத்துவச்சிகளைச் சந்தித்தார். இவர்களுள் பெரும்பாலானோர் முதியவர்கள். அனுபவத்தால் தொழில் கற்றவர்களேயன்றி முறையான பயிற்சி பெற்றவர்களல்லர். பின்னர் இலண்டனில் பேறுகாலப் பயிற்சி பெற்று மருத்துவச்சியாகச் சான்றிதழ் பெற்றார். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளுக்கும் தீவுகளுக்கும் 1913 முதல் அரசு உதவியுடன் நடந்து வந்த மருத்துவ சேவையையும் நேரில் கண்டார். சிதறி வாழும் ஏழை மக்களுக்கு மருத்துவத்தைப் பரவலாக்கும் முறையை இவர் அங்கிருந்தே எடுத்துக் கொண்டார்.

எல்லைப்புறச் செவிலியர் சேவை

1925 மே மாதம் மாநிலத் தலைநகர் ஃபிராங்ஃபோர்ட்டில் நடந்த கூட்டத்தில், தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமான கென்டக்கி குழு தொடங்கப்பட்டது. 1928 இல் அதன் பெயர் எல்லைப்புறச் செவிலியர் சேவை என மாற்றப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் மேரி தமது சொந்தப் பணத்தையும் இதில் செலவிட்டார். லெஸ்லி மாவட்டத்தின் ஹைடன் ஊருக்கு அருகில் வென்டோவர் என்ற இடத்தில் மரத்தாலான பெரிய வீடு ஒன்றைக் கட்டி, அதையே தலைமையிடமாக்கினார்.

சேவைப் பகுதி ஏறத்தாழ 700 சதுர மைல் பரப்பாக விரிந்தது. ஆங்காங்கே ஆறு புறநிலையங்கள் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு நிலையத்திலும் செவிலியர் தங்கியிருந்து, சுற்றிலும் ஏறத்தாழ 5 மைல் தொலைவுக்குள் உள்ள குடும்பங்களைக் கவனித்தனர். அவர்கள் குதிரைகளில் ஓடைகளைக் கடந்து சென்றனர். பேறுகாலப் பணிக்கு ஒரு பையும் பொதுச் செவிலியப் பணிக்கு மற்றொரு பையும் சேணத்தில் தொங்கின. கருவுற்ற பெண்களை முன்கூட்டியே பதிவு செய்து, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தவறாமல் சென்று பார்த்தனர். அம்மை, குடற்காய்ச்சல், தொண்டை அடைப்பான் ஆகியவற்றுக்குத் தடுப்பூசி இட்டனர்.

செவிலியர் எவற்றைத் தாமே செய்யலாம், எப்போது மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதை மருத்துவர் குழு எழுதிக் கொடுத்த நெறிமுறை வரையறுத்தது. சிக்கலான நோயாளிகளுக்காக 1928 இல் ஹைடனில் சிறிய மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. ஸ்காட்லாந்திலிருந்து சர் லெஸ்லி மெக்கன்சி வந்து அதனைத் திறந்து வைத்தார்.

கட்டணமும் நிதியும்

செவிலியப் பணிக்கு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1 டாலரும், பிரசவத்துக்கு 5 டாலரும் கட்டணமாகக் கொள்ளப்பட்டன. பணம் இல்லாதவர்கள் கால்நடைத் தீவனம், வேலிக்கால்கள், கோழி போன்றவற்றைக் கொடுத்தோ உடலுழைப்பாலோ ஈடு செய்யலாம். மக்கள் தம்மை இரவலராகக் கருதாமல் சேவையை உரிமையுடன் நாட இம்முறை உதவியது. ஆனால் செலவின் பெரும்பகுதியை நகரங்களில் இருந்த நன்கொடையாளர்களே ஏற்றனர். அவர்களைத் தேடி மேரி ஆண்டுதோறும் பயணம் செய்தார். 1931 இல் குதிரையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த பின்னரும் இப்பணியைத் தொடர்ந்தார்.

பயன்கள்

தொடக்கம் முதலே ஒவ்வொரு பிரசவத்துக்கும் முழுமையான பதிவேடு வைக்கப்பட்டது. முதல் ஆயிரம் பிரசவங்களின் பதிவுகளை மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியலாளர் லூயிஸ் டப்ளின் 1932 இல் ஆராய்ந்தார். கருவுறுதலோ பிரசவமோ நேரடிக் காரணமாக ஒரு தாய் கூட அவற்றில் இறக்கவில்லை என்று கண்டார். வறுமையும் மோசமான பாதைகளும் மிகுந்த அப்பகுதியில், பெரும்பாலும் வீடுகளிலேயே நடந்த பிரசவங்கள் இவை. அருகிலேயே வாழும் பயிற்சி பெற்ற செவிலியரும், தேவைப்படும்போது உதவ மருத்துவமனையும் இருந்தால் தாய்மாரைக் காக்க முடியும் என்பதற்கு இது சான்றாயிற்று.

பணியாற்றியவர்களுள் பலர் பிரித்தானியாவில் பயின்றவர்கள். 1939 இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் அவர்களில் பலர் தாயகம் திரும்பினர். இதனால் அவ்வாண்டே ஹைடனில் மருத்துவச்சிப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அப்பள்ளி பிற்காலத்தில் ஃபிரன்டியர் செவிலியப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

விமர்சனங்கள்

நன்கொடை திரட்டும்போது, மலைவாழ் மக்களைத் தூய ஆங்கிலேய மரபினர் என்று மேரி போற்றியதையும், கருப்பினச் செவிலியரைப் பணியில் சேர்க்காததையும் வரலாற்றாய்வாளர்கள் குறை கூறியுள்ளனர். மேலும், தமது முறை நாட்டின் பிற சிற்றூர்ப் பகுதிகளுக்கும் பரவும் என அவர் எதிர்பார்த்தார். அது அவர் காலத்தில் பெருமளவில் நிறைவேறவில்லை. பிரசவம் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும், மருத்துவச்சியிடமிருந்து மருத்துவரிடமும் மாறியது இதற்கு ஒரு காரணமாகும்.

இறுதிக் காலம்

1952 இல் மேரியின் தன்வரலாற்று நூல் வெளிவந்தது. இறக்கும் வரை அமைப்பின் இயக்குநராக விளங்கிய இவர், 1965 மே 16 அன்று தமது 84 ஆம் அகவையில் காலமானார். 1975 இல் ஹைடனில் திறக்கப்பட்ட புதிய மருத்துவமனைக்கு இவரது பெயர் சூட்டப்பட்டது. 1991 இல் வென்டோவர் இல்லம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1998 இல் அமெரிக்க அஞ்சல் துறை இவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.