அமெரிக்காவுக்கு தேசிய கீதமே இல்லைன்னு போட்டு உடைத்தவர்... யார் இந்த 'நம்பினால் நம்புங்கள்' ரிப்ளி?

1929 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்கப் பங்குச்சந்தை தலைகுப்புற விழுந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்றைக்கு பேப்பரைப் பிரித்தவர்களுக்கு கார்ட்டூன் பக்கத்தில் இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. அமெரிக்காவுக்கு தேசிய கீதம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று அதில் போட்டிருந்தது.

விழாவுக்கு விழா எழுந்து நின்று பாடுகிறோமே, அது என்னவாம்? 'ஸ்டார் ஸ்பாங்கிள்ட் பேனர்' என்ற அந்தப் பாட்டை ராணுவமும் கடற்படையும் பயன்படுத்தி வந்தது உண்மைதான். ஆனால் அதை தேசிய கீதம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் அதுவரை சட்டம் போடவில்லை. போதாக்குறைக்கு, அதன் மெட்டு லண்டன் கிளப் ஒன்றில் கோப்பையும் கையுமாகப் பாடிய பழைய இங்கிலீஷ் பாட்டின் மெட்டு. அதையும் சேர்த்தே போட்டுக் கொடுத்திருந்தது அந்த கார்ட்டூன்.

நாடு கொந்தளித்தது. பாட்டை சட்டப்படி தேசிய கீதம் ஆக்கச் சொல்லி 50 லட்சம் பேர் கையெழுத்துப் போட்ட மனு வாஷிங்டனுக்குப் போனது. 1931 மார்ச் 3-ம் தேதி அதிபர் ஹூவர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

கார்ட்டூனை வரைந்தவர் பெயர் ராபர்ட் ரிப்ளி. தமிழில் நாம் 'நம்பினால் நம்புங்கள்' என்று சொல்கிறோமே, அந்தத் தலைப்பின் சொந்தக்காரர். ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடலாம். தேசிய கீதம் வந்ததே ரிப்ளியால்தான் என்று அவர் ரசிகர்கள் சொல்வது கொஞ்சம் ஓவர். மேரிலாந்து எம்.பி. ஜான் லின்திகம் 1918-லிருந்தே இதற்காக மசோதா மேல் மசோதாவாகக் கொண்டுவந்து ஓய்ந்து போயிருந்தார். பத்து வருஷத்துக்கு மேல் அவர் கத்தியும் அசையாத கூட்டத்தை ஒரே ஒரு துணுக்கு உசுப்பிவிட்டது. அவ்வளவுதான். ஆனால் அதுவே பெரிய விஷயம்தான்.

*பெயரும் ஒரிஜினல் இல்லை, வயசும் ஒரிஜினல் இல்லை*

ரிப்ளி பிறந்தது கலிபோர்னியாவில் சாண்டா ரோசா என்ற சின்ன ஊரில், 1890 பிப்ரவரி 22-ல். அப்பா தச்சர். வீட்டில் வைத்த பெயர் லீராய். ஆனால் பிற்காலத்தில் அவர் ஊருக்குச் சொன்ன பிறந்தநாள் 1893 கிறிஸ்துமஸ்! உலகத்துக்கே உண்மை சொல்வதாக மார்தட்டியவர் சொந்த வயதில் கிட்டத்தட்ட 4 வருஷத்தைக் கழித்துவிட்டார்.

சின்ன வயதில் அவரைப் பார்த்து யாரும் பொறாமைப்பட்டிருக்க மாட்டார்கள். பல் இரண்டும் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். பேச்சு திக்கும். வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் உடம்பே நடுங்கும். அவர் நிலைமையைப் புரிந்துகொண்ட ஆசிரியை ஒருவர், கட்டுரை எழுதிப் படிப்பதற்குப் பதிலாக படம் வரைந்து காட்டச் சொன்னார். அங்கேதான் எல்லாம் ஆரம்பம். 15 வயதில் அப்பா இறந்துபோக, பள்ளிப்படிப்பும் பாதியில் நின்றது. 1908-ல் 'லைஃப்' பத்திரிகை அவர் படம் ஒன்றை 8 டாலர் கொடுத்து வாங்கியது.

அதன்பிறகு சான்பிரான்சிஸ்கோவில் விளையாட்டுச் செய்தி கார்ட்டூனிஸ்ட் வேலை, அப்புறம் நியூயார்க், 'குளோப்' பத்திரிகை. பேஸ்பால் வீரர் ஆகவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. கையில் அடிபட்டதும் அதற்கு மூட்டை கட்டினார்.

1918 டிசம்பர் 19. பேப்பருக்குப் படம் கொடுக்க வேண்டும், உருப்படியான செய்தி ஒன்றும் கையில் இல்லை. (டெஸ்க்கில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகப் புரியும்.) அவ்வப்போது சேர்த்து வைத்திருந்த விளையாட்டு விநோதங்களை எடுத்து ஒரே படத்தில் அடுக்கினார். ஒருத்தர் 100 கெஜம் பின்னாலேயே ஓடினார், இன்னொருத்தர் அதே தூரத்தை ஒற்றைக்காலில் நொண்டியடித்தே கடந்தார்... இப்படி. யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லாத தகவல்கள். வைத்த தலைப்பும் வேறு. ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. 'நம்பினால் நம்புங்கள்' என்று பெயரை மாற்றி, விளையாட்டைத் தாண்டி எல்லா விநோதத்தையும் உள்ளே இழுத்தார்.

*லிண்ட்பெர்க் 67-வது ஆளாம்!*

ரிப்ளியின் வித்தை என்ன என்று புரிய வேண்டுமானால் இந்த ஒரு துணுக்கு போதும்.

1927 மே மாதம் சார்லஸ் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு எங்கும் நிற்காமல் தனியாக விமானம் ஓட்டிப்போனார். அமெரிக்காவே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அந்தப் புகழ் உச்சியில் இருந்தபோது ரிப்ளி ஒரு கார்ட்டூன் போட்டார்: அட்லாண்டிக்கை நிற்காமல் பறந்து கடந்தவர்களில் லிண்ட்பெர்க் 67-வது ஆள்.

ஆயிரக்கணக்கில் தந்தியும் கடிதமும் வந்து குவிந்தன. எல்லாம் திட்டுதான். பொய்யன், தேசத்துரோகி என்று ஒன்று பாக்கியில்லை.

கணக்கு இதுதான். 1919-ல் ஆல்காக், பிரவுன் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் விமானத்தில் கடந்தார்கள். அதே வருஷம் ஆர்-34 என்ற பிரிட்டிஷ் ஆகாயக் கப்பலில் 31 பேர். 1924-ல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்த ஆகாயக் கப்பலில் 33 பேர். கூட்டினால் 66. அடுத்தது லிண்ட்பெர்க்.

தனியாகக் கடந்தவர்களில் அவர்தான் முதல் ஆள். அந்த 'தனியாக' என்ற ஒரு வார்த்தையை ரிப்ளி சொல்லாமல் விட்டுவிட்டார். சொன்னதில் பொய் இல்லை, சொல்லாமல் விட்டதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் ஆளைக் கோபப்படுத்து, திட்டி எழுத வை, அப்புறம் ஆதாரத்தை எடுத்துக் காட்டு. இன்றைக்கு ரீல்ஸ் போடுபவர்கள் செய்வதை அவர் அன்றைக்கே செய்துவிட்டார். உலகத்திலேயே அதிகம் பேரிடம் பொய்யன் என்று பெயர் வாங்கியவன் நான்தான் என்பதை ரிப்ளி பெருமையாகவே சொல்லிக்கொண்டார்.

*ஆதாரத்தை எடுத்தது யார்?*

கதையில் இன்னொரு ஆள் வருவது இங்கேதான்.

1923-ல், அதாவது லிண்ட்பெர்க் கார்ட்டூனுக்கெல்லாம் முன்னாலேயே, ரிப்ளிக்கு ஒரு உதவியாளர் தேவைப்பட்டார். வெளிநாட்டுப் பத்திரிகைகளையும் புத்தகங்களையும் படித்துச் சொல்ல பல மொழி தெரிந்த ஒருவர். வந்தவர் நார்பர்ட் பெர்ல்ராத். இன்றைய போலந்தில் பிறந்து, அமெரிக்காவுக்குக் குடியேறி, வங்கி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் படிப்பார்.

பெர்ல்ராத்தின் ஆபீஸ் நியூயார்க் பொது நூலகத்தின் வாசிப்பு அறை. வாரத்தில் ஆறு நாள் அங்கேதான். சாப்பாட்டைக்கூட மறந்து, இரவு நூலகத்தைச் சாத்தும் நேரம் வரை புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார். வருஷத்துக்கு 7,000 புத்தகங்களைப் பார்த்திருப்பார் என்று கணக்கு சொல்கிறார்கள். ரிப்ளி மேல் யாராவது பொய்ப் புகார் சொன்னால், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று எடுத்துக் கொடுக்கும் ஆள் இவர்.

ஆனால் வெளியே தெரிந்த கதை வேற. நாடு நாடாகச் சுற்றி ரிப்ளியே விநோதங்களைக் கண்டுபிடித்து வருகிறார் என்றுதான் ஜனங்கள் நம்பினார்கள். அப்படி நம்புவது வியாபாரத்துக்கும் நல்லது. கார்ட்டூனில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

ரிப்ளி ஊர் சுற்றியதும் பொய்யில்லை. 1922-ல் உலகப் பயணம் கிளம்பியவர் இந்தியாவுக்கும் வந்தார். காசியில் கையைத் தூக்கியபடியே வருஷக்கணக்கில் நின்று கை சூம்பிப்போன சாமியார்கள், முள் படுக்கையில் கிடப்பவர்கள் என்று பார்த்துப் பார்த்து வரைந்தார். அமெரிக்க வாசகர்களுக்கு இந்தியா என்றால் இதுதான் என்று பதிந்துபோனதில் அவருக்கும் பங்கு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

*கார் இருக்கு, ஓட்டத் தெரியாது*

1929-ல் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டின் கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனம் ரிப்ளியை வளைத்துப் போட்டது. அதோடு காட்டில் மழை. நூற்றுக்கணக்கான பத்திரிகைகள், ரேடியோ, சினிமா. நாட்டில் ஏராளமானோர் வேலையில்லாமல் தவித்த காலத்தில் இவர் கோடீஸ்வரர். நியூயார்க் பக்கத்தில் ஒரு தீவையே வாங்கினார். பெயர் 'பயான்'. வேறொன்றுமில்லை, 'பிலீவ் இட் ஆர் நாட்' என்பதன் முதல் எழுத்துகள். சீனப் பாய்மரக் கப்பல் ஒன்றும் வாங்கி நிறுத்தினார். வரிசையாகக் கார்கள் நின்றன, ஓட்ட மட்டும் கற்றுக்கொள்ளவே இல்லை. டெலிபோனைத் தொடவும் பயம். அவரே ஒரு துணுக்குதான்.

1933-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவர் திறந்த 'ஆடிட்டோரியம்' என்ற விநோதக் காட்சிக்கூடத்தை 20 லட்சம் பேர் பார்த்தார்கள். விநோதம் என்றால் வெறும் பொருட்கள் இல்லை. உடம்பில் குறை உள்ளவர்களையும் மேடையேற்றிக் காசு பார்த்தார்கள். பார்க்க வந்தவர்கள் மயங்கி விழுந்தால் படுக்க வைக்க கட்டிலும் போட்டிருந்தார்கள், அதுவும் விளம்பரம்தான். அன்றைய ரசனை அப்படி. இன்று படிக்கும்போது கொஞ்சம் நெருடத்தான் செய்கிறது.

அதே காலத்தில் ஒரு நல்ல காரியமும் தற்செயலாக நடந்தது. குண்டூசி, ஆணி, பிளேடு எல்லாம் தின்னும் தன் வீட்டு நாயைப் படம் வரைந்து 14 வயதுப் பையன் ஒருவன் அனுப்பினான். 1937-ல் அது ரிப்ளியின் பகுதியில் வந்தது. பையன் பெயர் சார்லஸ் ஷுல்ஸ். பிற்காலத்தில் 'பீனட்ஸ்' வரைந்தவர். ஸ்னூப்பி நாய்க்கு மாடல், பிளேடு தின்ற அந்த ஸ்பைக்தான்!

*13-வது எபிசோடு*

1949 மார்ச்சில் ரிப்ளி டிவிக்கு வந்தார். திக்குவாயும் கேமரா பயமும் விட்டுப்போகவில்லை, உடம்பும் ஏற்கெனவே கெட்டிருந்தது. மே 24 அன்று 13-வது எபிசோடு. அன்றைய விஷயம், அமெரிக்க ராணுவத்தில் இறுதிச்சடங்கின்போது எக்காளத்தில் வாசிக்கும் 'டாப்ஸ்' இசையின் கதை. நிகழ்ச்சியில் ரிப்ளிக்கு உடம்பு முடியாமல் போனது. மூன்று நாள் கழித்து, மே 27-ல், ஆஸ்பத்திரியில் மாரடைப்பால் இறந்தார். வயது 59.

சொந்த ஊர் சாண்டா ரோசாவில் புதைத்தார்கள். அந்த இடுகாட்டின் பெயர் 'ஆட் ஃபெலோஸ்', நேரடி அர்த்தத்தில் விநோத மனிதர்கள். அது ஒரு பழைய சங்கத்தின் பெயர், அவருக்காக வைத்தது இல்லை.

பெயருக்குச் சொந்தக்காரர் போய்விட்டார். ஆனால் கார்ட்டூன் நிற்கவில்லை. படம் வரைய வேறு ஓவியர்கள் வந்தார்கள். துணுக்கு எங்கிருந்து வந்தது? அதே நூலகம், அதே வாசிப்பு அறை, அதே பெர்ல்ராத். ரிப்ளி இறந்து 26 வருஷம், 1975 வரை தினமும் போய் உட்கார்ந்தார். மொத்தம் 52 வருஷம். வேலையை விட்டபோது பென்ஷன்கூட கிடையாது. 1983-ல், 89 வயதில் காலமானார்.