துண்டைத் தேடிய பெண்

எங்கள் பக்கத்தில் எறிகணைத் துண்டோடு வாழும் ஒருவராவது இல்லாத வீடு குறைவு. ‘பீஸ்’ என்றுதான் சொல்வோம். என் இடது தோளில் 2009 இல் ஏறிய ஒன்று இன்னும் கிடக்கிறது. எக்ஸ்ரே எடுக்கும் போதெல்லாம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

அக்காவின் மகள் கதிர்ப்படவியல் படித்து, பிறகு அணுமருத்துவப் பிரிவில் வேலை செய்யவேண்டும் என்று நிற்கிறாள். கதிரியக்க மருந்தை உடம்பில் ஏற்றி, அது எங்கே சேர்கிறது என்று கமெராவில் படமெடுக்கும் வேலை அது. கதிர் பிள்ளையின் உயிரைக் குடித்துவிடும் என்று அக்காவுக்குப் பயம். இருவரையும் இருத்தி நான் சொன்னது ஐரீன் கியூரியின் கதை.

மேரி கியூரியின் மூத்த மகள் ஐரீன், 1897 இல் பாரிஸில் பிறந்தவர். எட்டு வயதில் தகப்பனை வீதி விபத்தில் இழந்தார். 1914 இல் உலகப்போர் தொடங்கியபோது அவருக்கு 17 வயதுகூட நிறையவில்லை. துண்டு எங்கே கிடக்கிறது என்று தெரியாமலே காயக்காரரை வெட்டித் தேடிய காலம் அது. மேரி எக்ஸ்ரே கருவிகளை வாகனங்களில் ஏற்றிப் போர்முனைக்குக் கொண்டுபோனார். மகளும் தாதிப் பயிற்சி பெற்று, கருவியை இயக்கப் பழகி, கூடவே போனார்.

18 வயதில் ஐரீன் பெல்ஜியத்தில் தாயில்லாமல் தனியாக வேலை செய்தார். வெவ்வேறு கோணங்களில் படமெடுத்து, நிழல் நகர்ந்த தூரத்தைக் கொண்டு துண்டின் ஆழத்தைக் கணக்கிடவேண்டும். அங்கிருந்த இராணுவ வைத்தியருக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கையில்லை. தன் போக்கில் தேடிக் களைத்த பிறகே ஐரீன் காட்டிய பக்கத்தில் வெட்டினார். துண்டு அங்கேதான் இருந்தது.

1916 முதல் பாரிஸில் பெண்களுக்கான பயிற்சி தொடங்கியது. மின்சாரம், எக்ஸ்ரே, உடற்கூறு, படம் கழுவுதல் எல்லாம் பாடம். சுமார் 150 பெண்கள் பயின்று வெளியேறினார்கள். அவர்களுக்குக் கற்பித்தவர்களில் ஐரீனும் ஒருவர். அதற்கிடையில் தன் பல்கலைக்கழகப் படிப்பையும் அவர் விடவில்லை.

1934 இல் ஐரீனும் கணவர் பிரெடெரிக் ஜோலியோவும் அலுமினியத்தின் மீது அல்பாத் துகள்களை மோதவிட்டு, இயற்கையில் இல்லாத கதிரியக்கப் பொசுபரசை உண்டாக்கினார்கள். அடுத்த ஆண்டு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அணுமருத்துவத்தில் பயன்படும் டெக்னீசியமும் அயடீனும் செயற்கையாக உண்டாக்கப்படுபவையே. அந்த வழியைத் திறந்தது இவர்களின் கண்டுபிடிப்பு.

முடிவை நான் அக்காவுக்கு மறைக்கவில்லை. போர்முனையில் அவருக்கு இருந்த பாதுகாப்பு மிகக் குறைவு. பிறகும் ஆய்வுகூடத்தில் கதிர்களோடே வாழ்ந்தார். 1956 இல், 58 வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்தார்.

அக்காவின் பயம் பொய்யல்ல. ஆனால் இன்று இந்தத் தொழிலைப் பயிலும் பிள்ளைகள் முதலில் கற்பதே அந்தப் பயத்தைக் கணக்காக்கத்தான்: மருந்துக்குப் பக்கத்தில் நிற்கும் நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, ஈயத் தடுப்புக்குப் பின்னால் நில். வாங்கிய கதிரின் அளவைப் பதிய நெஞ்சில் ஒரு சிறு அளவுமானி இருக்கும். ஐரீனின் தலைமுறை உயிரைக் கொடுத்துப் படித்த பாடம் அது.

அக்கா கடைசியில் ஒன்றுதான் கேட்டார், அந்த அளவுமானியை யார் பார்ப்பார்கள் என்று. பதிலைப் பிள்ளையே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.