தமிழில் வைத்தியம் கற்பித்த டாக்டர் கிறீன்



மானிப்பாயிலுள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையை உங்களில் பலர் அறிவீர்கள். அந்தப் பெயருக்குரிய டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். மிஷன் வைத்தியராக 1847இல் இலங்கைக்கு வந்து, மறு ஆண்டு மானிப்பாயில் ஊழியத்தைத் தொடங்கினார்.

முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட, கிராமத்து நோயாளிகள் வைத்தியரின்றி இருந்தார்கள். ஆகவே 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். தாமே தமிழ் கற்று, மாணவர்களின் துணையோடு உடற்கூறு, பிரசவம், இரண வைத்தியம் பற்றிய நூல்களைத் தமிழாக்கினார். ஒவ்வொரு சொல்லையும் முதலில் தமிழில் தேடினார், பிறகு வடமொழியில், எங்கும் கிடைக்காதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினார். 1873இல் நாடு திரும்பிய பின்னும் அந்தப் பணியை விடவில்லை. 1884இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருடைய கல்லறைக் கல் அவரைத் தமிழரின் வைத்திய ஊழியராகவே நினைவுகூருகிறது.

இன்று ரொறன்ரோவில் நீரிழிவு, மனநலம் பற்றிய ஆய்வுக் கேள்விகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டே தமிழுக்கு வருகின்றன. கேள்வி விளங்காத மூத்தவர்கள் மரியாதைக்காக 'ஓம்' என்று சொல்லிவிடுவதை ஒரு தாதியாக நான் கண்டிருக்கிறேன். பிழையான பதிலிலிருந்து பிழையான உதவித் திட்டமே பிறக்கும்.

அப்படியொரு தாள் உங்களிடம் வந்தால், விளங்காத சொல்லைச் சுட்டிக்காட்டுங்கள். வீட்டில் அதற்கு என்ன சொல்வீர்கள் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். மானிப்பாய் மாணவர்கள் டாக்டர் கிறீனுக்குச் செய்த துணை அதுவே.